எட்டாவது இலக்கம்

என் தாய்மாமன் பார்த்த வேலை என்னவென்று எங்கள் உறவில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில், வருகிற பத்திரிகைகளுக்கெல்லாம், தேடி வருகிறவர்கள் பார்த்து எடுக்கக் கார்டு எழுதுவார். எழுபதுகளின் கடைசியில், ஒவ்வொரு பத்திரிகைக்கும் உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் எட்டு இலக்க எண் ஒன்று வரத் தொடங்கியது. அதைக் கார்டில் ஏற்றுவதும் அவர் பொறுப்பு. முதல் ஏழு இலக்கத்தைச் சொன்னால் போதும், மனசுக்குள்ளேயே பெருக்கிக் கூட்டி எட்டாவதைச் சொல்லிவிடுவார். முதல் ஏழிலிருந்து எட்டாவது வரும்படிதான் அந்த எண்ணையே அமைத்திருந்தார்கள் என்பது எனக்கு எங்கே தெரியும்? எனக்கு அவர் மந்திரவாதி.

பெண் வைத்திருந்தவர்களுக்கு மந்திரவாதி தேவைப்படவில்லை. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் கொல்லங்கோட்டில் ஒரு பெண் பார்க்கப் போனோம். அம்மாவோடு நானும் ஒட்டிக்கொண்டேன். பெண்ணின் அப்பா எடுத்த எடுப்பிலேயே கேட்டார்:

“ஏனுங்க, பொஸ்தகத்தத் தொடச்சு அடுக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?”

மாமாவுக்குச் சுருக்கென்றது. கார்டில் எண் ஏற்றுகிற வேலை என்று விளக்கிவிட்டு, அன்று காலை நூலகத்துக்கு வந்திருந்த இங்கிலீஷ் விவசாயப் பத்திரிகையைப் பையிலிருந்து எடுத்து நீட்டி, மேலட்டையில் உள்ள எண்ணில் முதல் ஏழு இலக்கத்தை மட்டும் படிக்கச் சொன்னார். பெண்ணின் அப்பா படித்தார். மாமா கண்ணை மூடித் திறந்து, ஆறு என்றார். அங்கே மூன்று என்று இருந்தது.

மாமா மறுபடி கணக்குப் போட்டார். மறுபடியும் ஆறுதான். அச்சில்தான் தப்பு என்றார். வீடே சிரித்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி எழுந்திருக்கத் தயாரானாள்.

அப்போது உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் கேட்டது.

“அப்ப கார்டுல எந்த நெம்பருங்க எழுதுவீங்க?”

“ரெண்டையுந்தானுங்க. சரியானத எழுதிப்போட்டு, தப்பானத, இது தப்புன்னு சொல்லிப் பக்கத்துலயே வெச்சுருவேன். இந்தத் தப்பு நெம்பரக் குறிச்சுக்கிட்டு ஆராச்சும் தேடி வந்தா வெறுங்கையோட போகக்கூடாதுங்களே?”

பெண்ணுக்குச் சம்மதம் என்று உள்ளேயிருந்து ஒருவர் வந்து சொன்னார். பெண்ணின் அப்பாவே நம்பவில்லை.

மந்திரம் பலிக்காத வீட்டில் பெண் எப்படிக் கிடைத்தது? பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். கதவுக்குப் பின்னால் இருந்த என் வருங்கால அத்தையும் கணக்குப் போட்டு, ஆறுதான் சரி என்று கண்டுபிடித்திருப்பார் என முடிவுகட்டிக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட அத்தை என்று பெருமை தாங்கவில்லை.

அத்தைக்கு வாய்ப்பாடே வராது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒன்று தப்பாகிவிட்டால் இந்த மனிதர் அதை என்ன செய்வார் என்றுதான் அன்று அத்தை கேட்டார் என்பது விளங்க, நானும் கல்யாணம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.