"காயிற பட்டை"யின் அடியில் ஓர் ஆறு

நாக்கில் பட்டதும் முகம் கோணிப்போகும் கரிப்பு அது. வெறும் உப்பாக மட்டும் இல்லாமல் அழுகிய இலை நாற்றமும் இரும்பு வாடையும் கலந்து, துப்பிய பிறகும் அடிநாக்கில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கருஞ்சேற்றை, ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் எங்கள் வயலில் நின்று நான் ருசி பார்த்தேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. தண்ணீருக்குப் போர் குழாய் இறக்க வந்த மேஸ்திரி ஒரு விரல் தொட்டு வாயில் வைத்ததைக் கண்டு, அவருக்குத் தெரிவது எனக்கும் தெரிந்தாக வேண்டும் என்ற திமிரில் செய்த காரியம்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, எல்லோரும் பாய்ச்சியது போக மிச்சத் தண்ணீர் வந்து சேரும் கடைமடை. தாத்தா காலம் வரை பிறர் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில், முதன்முதலாகச் சொந்த நிலம் வாங்கியவர் அப்பா. மூன்று மா; ஏக்கர் கணக்கில் ஒன்றுதான் தேறும். அதிலும் இரண்டு வருடம் குறுவை நெல் கருகிப்போக, "போர்ல நல்ல தண்ணி வந்தா நெல்லு, வரலேன்னா திருப்பூர்" என்று சோற்றுத் தட்டின் முன் ஒரு நாள் சொல்லிவிட்டு, பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார். அப்பா இல்லாத வீட்டில் இருக்க எனக்குச் சம்மதமில்லை, விஷயம் அவ்வளவுதான்.

அப்போது எங்கள் பக்கத்தில் "கைபோர்"தான். முக்காலி கட்டி, குழாயை நாலு பேர் தூக்கித் தூக்கிக் குத்த, மேலே ஊற்றும் தண்ணீரோடு அடிமண் சேறாகக் கொப்பளித்து வெளியே வரும். ஒவ்வொரு குழாய் இறங்கி முடியும்போதும் அந்த ஆழத்து மண்ணில் ஒரு கை அள்ளி மேஸ்திரி வரப்பில் வைப்பார். நான் அதைக் கொட்டாங்குச்சிகளில் வாங்கி, வந்த வரிசை மாறாமல் அடுக்கினேன். முதலில் நாம் மிதிக்கிற வண்டல், அடுத்து வெண்ணெயாய் வழுக்கும் களி, அதன் கீழே இன்னும் களி, கடைசியாகத்தான் அந்தக் கருஞ்சேறு.

போர் இறக்கிய இடம் ஈசானிய மூலை. நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயோடு வயலைச் சுற்றிவர, தேங்காய் அங்கேதான் எழுந்து நின்றதாம். வயலின் குறுக்கே ஓடிய ஒரு பட்டையை மட்டும் அவர் மிதிக்கக்கூட இல்லை. எங்கள் வீட்டில் அதற்குக் "காயிற பட்டை" என்று பெயர். தண்ணீர் பாய்ச்சிய மறுநாளே அங்கே மண் உலர்ந்துவிடும். சுற்றிலும் பச்சையாக இருக்க, அங்கே மட்டும் பயிர் மஞ்சளடித்து நிற்கும். "அது சபிச்ச எடம்" என்று அப்பாவே சொல்வார்.

மேஸ்திரி சேற்றைத் துப்பிவிட்டு, "உப்புங்க. இந்த நெலத்துக்கு அவ்வளவுதாங்க" என்றார். வரப்பில் உட்கார்ந்த அப்பா எழவில்லை. ஆட்கள் முக்காலியைப் பிரிக்கப் போனார்கள்.

எனக்கு அழுகை முட்டியது. கைக்கு ஏதாவது வேலை வேண்டுமென்று கடைசிக் கொட்டாங்குச்சியைத் தண்ணீர் விட்டு அலசினேன். சேறு கரைய, அடியில் நகக்கண் அளவில் வரிவரியாய்ச் சிப்பிகள். வேதாரண்யத்து அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கடற்கரையில் பொறுக்கி, ஒரு டப்பா நிறைய நான் சேர்த்து வைத்திருந்தேனே, அதே சிப்பி. வீட்டுக்கு ஓடி டப்பாவை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. கடல் ஒரு காலத்தில் எங்கள் வயல் வரை வந்து படுத்திருந்திருக்கிறது! அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை. கடலுக்கு மேலே இவ்வளவு களியையும் கொண்டுவந்து கொட்டியது ஓர் ஆறாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் அந்த ஆறு எங்கே ஓடியது?

அதைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. அந்த மாதம்தான் ஊர்க் குளத்தைத் தூர்வாரியிருந்தார்கள். செங்குத்தாக வெட்டிய கரையில், களிக்கு நடுவே, பெரிய வாணலியைப் பதித்து வைத்ததுபோல் ஆற்றுமணல் தெரியும். "காக்காப்பொன்" என்கிற அபிரகத்தூள் மின்னும் மணல், நாங்கள் பறித்து வீடு கட்டி விளையாடியது. அந்த வாணலிக்கு நேர் எதிரே இருப்பது எங்கள் "காயிற பட்டை". அப்படியென்றால் அங்கே பயிர் காய்வது சாபத்தால் அல்ல. அடியில் மணல் இருந்து, விட்ட தண்ணீரை விட்டவுடன் குடித்து உள்ளே தேக்கிக்கொள்கிறது.

"அப்பா, ஆறு இங்கதாம்பா ஓடியிருக்கு. இங்க குத்தச் சொல்லுப்பா!"

ஆட்கள் சிரித்தார்கள். "காயிற எடத்துலயா பாப்பா தண்ணி இருக்கும்?" என்றார் மேஸ்திரி. அப்பா சிரிக்கவில்லை. டப்பாவையும் கொட்டாங்குச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். மண்வெட்டியோடு பட்டையில் இறங்கித் தோண்டினார். இடுப்பளவு போனதும் மண்வெட்டி "சரக்"கென்றது. அள்ளிய கையில் மணல், மணலில் காக்காப்பொன்.

"ஆயி சொன்ன எடத்துலயே குத்துங்க" என்றார். செல்லம் பொங்கும்போது மட்டும்தான் நான் "ஆயி".

மறுநாள் காலை ஒன்றன்பின் ஒன்றாக நாலு கொட்டாங்குச்சியும் மணலால் நிரம்பின. பொடிமணல், பருமணல், கடைசியில் சின்னச் சின்னக் கூழாங்கல். ஐந்தாவது குழாய் இறங்கும்போது சேற்றில் லேசாகக் கருமை தட்டியது. இன்னும் ரெண்டு குழாய் போனால் தண்ணீர் கொட்டும் என்று மேஸ்திரி ஆசை காட்டினார்; ஆழம் போகப் போக நல்லது என்பது அவர்கள் தொழிலில் ஊறிய நம்பிக்கை. நான் கத்தினேன்: "கடல் வந்துடுச்சு, நிறுத்துங்க!" அவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "தூக்குங்கடா" என்றார்.

குழாயை மணலிலேயே நிறுத்தி இன்ஜினைப் போட்டார்கள். முதலில் சேறு, பிறகு கலங்கல், பிறகு கண்ணாடி. அப்பா இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார், வாயைத் துடைக்காமலே அம்மாவைப் பார்த்து, "எளநி!" என்று கூவினார். நான் அந்த வயதுக்கு நல்ல கனம். அப்படியும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலு வரப்பையும் சுற்றிவந்தார். வீட்டுக்குப் போனதும் ஏணி போட்டு ஏறி, தகரப் பெட்டியைப் பரணில் தள்ளியது நானேதான். அதைவிடப் பெரிய வெற்றி எதையும் நான் இன்றுவரை பார்க்கவில்லை.

இப்போது நான் ஒரு கல்லூரியில் மண்ணடுக்குகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். கைபோர் ஆட்கள் இல்லை. லாரியில் வரும் இயந்திரம் எல்லா ஆழத்து மண்ணையும் ஒரே குழம்பாக்கித் துப்பிவிட்டுப் போகிறது. என் கொட்டாங்குச்சிகளை அந்த வாரமே அம்மா வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள். அதற்காக அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன மாதம் மாணவிகளை வயலுக்கு அழைத்துப் போனேன். குறுவை முழங்காலுக்கு மேல் நின்றது. "காயிற பட்டை"யைக் காட்டுகிறேன் என்று பெருமையாக வரப்பில் ஏறியவள், எங்கே என்று தெரியாமல் விழித்தேன். அப்பா கைத்தடியோடு இரண்டு முறை நடந்து பார்த்தார். இத்தனை வருடம் போர்த் தண்ணீர் ஓயாமல் பாய்ந்ததில், கண்ணுக்கு எட்டிய வரை ஒரே பச்சை.

"இங்கதான் எங்கயோ இருந்துச்சு ஆயி" என்றார், சிரித்துக்கொண்டே.