பதினேழு அங்குலம்

சசிரேகா ஒரு எண்ணைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அதனால்தான் சாமுவேலுக்கு வேலை போயிற்று.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில், மாகறலுக்கு முன்னால் இருக்கிறது மோகன்குமாரின் கார் ஷெட். அதற்குள் ஒரு டைனோ. தரையோடு தரையாகப் பதித்த இரும்பு உருளை. காரின் முன்சக்கரங்களை அதன்மேல் நிறுத்திப் பட்டையால் கட்டி ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி நகராது, உருளை சுழலும். சக்கரம்வரை எத்தனை குதிரைத்திறன், அதாவது எச்.பி., வந்து சேர்கிறது என்பது திரையில் தெரியும். அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் சசிரேகா. டிப்ளமோ படித்து, ஒரகடம் கார் தொழிற்சாலையில் ஆறு வருஷம் ஒப்பந்த வேலை பார்த்து, அது முடிந்ததும் இங்கே வந்தவள். வயது முப்பத்தாறு.

வண்டியை விற்கப் போகிறவர்கள் வந்து குழைவார்கள்.

“ரெண்டு எச்பி கூடப் போடும்மா. இன்னா, உன் வூட்டு சொத்தா கொறையப் போவுது?”

“மெஷின் சொல்றதத்தான் நான் சொல்லுவேன்.”

செய்யாற்றுக்கு அந்தப் பக்கமும் அவள் சொல்லுக்கு மதிப்பிருந்தது.

ஆடி மாதத்தில் தாண்டவராயன் தன் காரைக் கொண்டுவந்தார். நிலபுலன் உள்ளவர், மோகன்குமாருக்கு வேண்டியவர். வண்டி இழுக்கவில்லை என்றார். உருளையில் எண்பத்துநான்கு வந்தது. ஷெட்டின் மெக்கானிக் சாமுவேல் இன்ஜினை இறக்கி, பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட்டு, பதினோரு நாளில் ஏற்றினான். வண்டியை எடுத்துக்கொண்டு போன தாண்டவராயன் மாலையில் அளந்து பார்க்கத் திரும்பி வந்தார். சக்கரங்களில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. இன்ஜின் வேலை முடிந்தால் பூசை போடாதவர் யார்? சசிரேகா இரண்டாம் முறை பார்க்கவில்லை. பழைய படிவத்தில் டயர் அளவு பதினைந்து அங்குலம் என்றிருந்தது. அதையே எழுதிவிட்டு வண்டியை ஓட்டினாள்.

எண்பத்துமூன்று.

“புது பிஸ்டன எவனுக்குடா வித்த?” என்றார் தாண்டவராயன். ஷெட்டில் ஏழு பேர் நின்றிருந்தார்கள்.

சாமுவேல் அவரைப் பார்க்கவில்லை. “சசி, இன்னொரு தபா ஓட்டிப் பாரும்மா.”

ஓட்டினாள். அதேதான்.

“மெஷின் சொல்றதத்தாண்ணா நான் சொல்ல முடியும்.”

“கொஞ்ச நாளைக்கு வராத சாமுவேலு,” என்றான் மோகன்குமார். பதினான்கு வருஷம் வேலை செய்தவன் கையைத் துடைத்த துணியை மடித்து டூல் பெட்டியின்மேல் வைத்துவிட்டுப் போனான்.

மூன்று வாரம் கழித்து, வேறு ஆளை வைத்து இன்ஜினைப் பிரித்துப் பார்க்கத் தாண்டவராயன் வந்தார். பிரிப்பதற்கு முன் ஒருமுறை அளக்கச் சொன்னார். பட்டை கட்டக் குனிந்த சசிரேகாவின் கையில் டயர் ஓரத்து ரப்பர் முட்கள் குத்தின. தேயாத புது டயர். விரலால் சேற்றைத் துடைத்தாள். பதினேழு.

“சார், வீல் எப்ப மாத்தனீங்க?”

“அன்னிக்கேதான். காஞ்சிபுரத்துல மாட்டி, எலுமிச்சம்பழம் வெச்சி ஏத்திக்கினு நேரா இங்கதான வந்தேன்.”

“பழைய வீலு?”

“கோழிக்கூண்டாண்ட கீது. ஏன், ஒனக்கு வோணுமா?”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஆள் அனுப்பி எடுத்துவரச் செய்து, எச்சத்தைக் கழுவி, தானே மாட்டினாள். மூன்று முறை ஓட்டினாள். எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு.

“இன்னாம்மா வித்தை இது?”

“மாவு அரைக்கற சின்ன எந்திரக்கல்ல சுத்தறதுக்கும் பெருச சுத்தறதுக்கும் ஒரே பெலம் போதுமா சார்? இந்த வீலு பெருசு, கனமும் ஜாஸ்தி. அத வேகத்துக்குக் கொண்டாரதுலயே கொஞ்சம் போயிடுது. மிச்சந்தான் ரோலருக்கு வருது. இன்ஜின்ல ஒரு கொறையும் இல்ல. அண்ணன் நல்லாத்தான் செஞ்சிகீறாரு. நான்தான் பாக்காம எழுதிட்டேன்.”

“சரி, பெரிய வீலயே மாட்டிடு. வண்டி அதுலதான் எடுப்பா கீது,” என்றார் தாண்டவராயன்.

“சாமுவேல் அண்ணன திருடன்னு சொன்னீங்களே சார்.”

“நான் இன்னா தமுக்கடிச்சா சொன்னேன்?”

மோகன்குமார் குறுக்கே வந்தான். “வரச்சொல்லு சசி. நாளைக்கே வரட்டும்.”

அன்று சாயங்காலம் அவள் எண்பத்துமூன்றும் எண்பத்தெட்டும் பதிந்த இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு சாமுவேல் குடியிருந்த காலனிக்குப் போனாள். சாமுவேல் கூலிக்கு நாற்று கட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டான். தாள்களை வாங்கவில்லை.

“வீலு மாத்தியிருந்தத நானும்தான் பாத்தேன். அந்தாளு கத்துன கத்துல வாய் வரல எனக்கு. ஆனா நீ மெஷினாண்ட ஒக்காந்துகினு கீற. நீ குனிஞ்சி பாப்பன்னு நெனச்சேன்.”

“தப்புதாண்ணா.”

“எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? நான் திருடலன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு ஏழு பேரு நின்னாங்க. அவங்களாண்ட போய் சொல்லு. அப்பறம் வேலைக்கு வரதப் பத்தி யோசிக்கறேன்.”

சசிரேகா தன் ஸ்கூட்டரைத் திருப்பினாள். ஏழு பேரில் ஒருவன், சாலையோரத்தில் டீக்கடை வைத்திருப்பவன், கடை எடுத்துவைத்துக்கொண்டிருந்தான்.

“டீ காலிம்மா.”

“டீ வேணாம்,” என்று தாளைப் பிரித்தாள். “ஒரு விஷயம் சொல்லணும். நான் தப்பா சொல்லிட்டேன்.”