மொய்யில் சேராத பதிவுப் பணம்

அன்று மொய் மேசையில் இருந்தவர்கள் மூன்று பேர்: எங்கள் முதலாளி செல்லத்துரை அண்ணன், கம்ப்யூட்டரில் மொய் ஏற்றும் நான், விழா வீட்டுக்காரர் இளங்கோ. நாங்கள் பயன்படுத்தும் மொய் சாஃப்ட்வேரை எழுதியவரும் இளங்கோதான். குளத்தூர் மண்டபத்தில் அவர் மகளுக்குக் காதணி விழா.

அந்த சாஃப்ட்வேர் வீட்டு விசேஷத்துக்கு இலவசம். கூலிக்கு மொய் எழுதுகிறவர்கள் லேப்டாப்புக்கு ஆயிரத்து ஐநூறு கட்டிப் பதிவு செய்ய வேண்டும். எங்களிடம் நான்கு லேப்டாப். நான்கிலும் ‘சொந்த உபயோகம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன். முதலாளி சொன்னார், போட்டேன். அதிலிருந்து தெரியாத நம்பரில் போன் வந்தால் எடுப்பதில்லை.

இளங்கோ திரையை எட்டிப் பார்த்தார்.

“என்ன முருகேசு, சொந்த உபயோகம்னு போட்டிருக்கு? வாரத்துக்கு நாலு மண்டபத்துல ஒன் வீட்டு விசேஷமா நடக்குது?”

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி அசரவில்லை.

“சும்மா குடுத்த சாமான்தானே தம்பி?”

“வீட்டுக்குத்தாண்ணே சும்மா. நீங்க மண்டபத்துக்கு மூவாயிரம் வாங்குறீங்கள்ல?”

முதலாளி ஆறாயிரத்தை எடுத்து மேசையில் வைத்தார். “எழுதுடா. செல்லத்துரை, ஆறாயிரம்.”

“எதுலண்ணே?”

“மொய்லதான். நாலு லேப்டாப்புக்கும் சரியாப் போச்சுல்ல?”

விசேஷ வீட்டில் வைத்த மொய்யை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏற்றினேன். ரசீதும் வந்தது.

இளங்கோ சிரித்தார். “மொய்னா நான் ஒங்களுக்குத் திருப்பிச் செய்யணும்ணே. செஞ்சுருவேன். பதிவுப் பணம் திரும்பி வராத பணம். அது தனியா நிக்கிது.”

ஆவணியில் முதலாளி வீட்டுப் புதுமனை புகுவிழா. இளங்கோ வந்து ஏழாயிரம் எழுதினார். பழையது ஆறு, புதுசு ஒன்று. அதே லேப்டாப்பில் நான்தான் ஏற்றினேன். “சாப்பிட்டியா முருகேசு?” என்று மட்டும் கேட்டார். கேஸ் கீஸ் என்று மிரட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த சம்பளத்தில் நான் மொய் ஏற்றும் லேப்டாப்புக்கு மட்டும் ஆயிரத்து ஐநூறு கட்டினேன்.

“ஒனக்கென்ன கிறுக்கா?” என்றார் முதலாளி.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சொல்வது முதலாளி வாயாக இருந்தாலும் டிக் போடுவது நம் விரல். மற்ற மூன்றிலும் என் டிக் அப்படியே இருக்கிறது. இளங்கோவுக்கு இன்னும் தர வேண்டியது நாலாயிரத்து ஐநூறு ரூபாய்.