உடைந்தது அண்ணியின் பங்கு

அண்ணிக்கு மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவை ஆலையில் வேலை. காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை நின்றுகொண்டே படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் நீட்டிவிட வேண்டும். அந்தப் பக்கம் இஸ்திரியாகி வருவதை இன்னொருத்தி மடித்து அடுக்குவாள். உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைப்பார். வீட்டுக்கு வந்தால் நாங்கள் இரண்டு பேர். அண்ணன் பேருந்து ஓட்டுநர். நான் சோபாவுக்கு உறை தைப்பவன். கல்யாணம் ஆகும்வரை இங்கே இருந்துகொள்கிறேன் என்று சொல்லி வந்தேன். ஒன்பது வருடம் ஆகிறது.

அண்ணியைப் பற்றி யாராவது விசாரித்தால் எனக்கு முதலில் வாயில் வருவது ‘களைப்பு’ என்ற சொல்தான். மாடிப்படி ஏறி வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் ஃபிரிட்ஜில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்குவார். மூன்றாவது மாடிதான். இருந்தாலும் நடுவில் இரண்டு இடத்தில் நின்று வருவார்.

“என்ன அண்ணி, ஃபிரிட்ஜ் விழுந்துடாம பிடிச்சிட்டு இருக்கீங்களா?” என்பேன்.

“ஆமா தம்பி. விட்டா ரெண்டு பேரும் சேர்ந்து விழுவோம்” என்பார், கண்ணைத் திறக்காமலே.

அண்ணனுக்கு இந்தக் கிண்டலெல்லாம் வராது. “நானும்தான் எட்டு மணி நேரம் வண்டி ஓட்டுறேன். வந்து இப்படியா சாயறேன்? எல்லாம் சோம்பேறித்தனம்” என்று ஒரே போடாகப் போடுவார். நான் அதோடு விட்டிருக்கலாம். என் நாக்கு கொஞ்சம் நீளம். சோம்பேறி மகாராணி என்று பட்டம் கட்டினேன். அண்ணி அதற்கும் சிரித்தார். அதனால் அது வீட்டில் நிலைத்துவிட்டது.

இந்த வருடம் அண்ணனின் மருத்துவப் பரிசோதனையில் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. மூன்று மாதச் சராசரி ஒன்பதரை. மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த சோதனைக்குள் எட்டுக்குக் கீழே வராவிட்டால் வண்டியைத் தொடக்கூடாது, பணிமனையில் பேருந்து கழுவுகிற வேலைதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த மனிதர். அன்று மாலை நாற்காலியில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சர்க்கரைக்குக் காரணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. பணிமனை வாசலில் ஒரு பர்கர் கடை. எண்ணெயில் பொரித்த இறைச்சி, மேலே சீஸ், இனிப்பாக ஒரு சாஸ். தினமும் மதியம் இரண்டு. அதை விடச் சொன்னார் டாக்டர்.

“அது இல்லாம மத்தியானம் வண்டியே நகராது” என்றார் அண்ணன்.

“அப்போ நான் வீட்லயே பண்ணித் தரேன். தானியமும் கீரையும் போட்டு” என்றார் அண்ணி.

“யாருக்கு, ஆட்டுக்கா?” என்று கேட்டேன். அண்ணன்கூட அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

அண்ணிக்கு வாரத்தில் ஒருநாள்தான் விடுமுறை. அந்த நாள் அப்படியே பர்கருக்குப் போனது. பார்லியை வேகவைத்து, பசலைக்கீரையை வெந்நீரில் காட்டி எடுத்து நறுக்கி, வெங்காயம், பூண்டு, மிளகு சேர்த்துப் பிசைந்து வட்டமாகத் தட்டி வாணலியில் போட்டார். போட்டதுதான் தெரியும். திருப்பியபோது எல்லாம் தூள்தூளாகி, வாணலியில் பச்சையாக ஒரு குப்பை கிடந்தது. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

அடுத்த முறை பாதி தேறியது, பாதி உடைந்தது. உடையாதவற்றை அண்ணனுக்கும் எனக்கும் எடுத்து வைத்துவிட்டு, உடைந்த தூளையெல்லாம் தட்டில் வழித்துக்கொண்டு அண்ணி அடுப்பங்கரையில் நின்றபடியே சாப்பிட்டார்.

“நீங்களும் முழுசா ஒண்ணு எடுத்துக்கோங்க அண்ணி.”

“உடைஞ்சது எல்லாம் என் பங்கு தம்பி. உங்க அண்ணன் டப்பாவுல தூளைக் கொட்டி அனுப்ப முடியுமா?”

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. யாரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

அண்ணி விடவில்லை. தவறு எங்கே என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார். பார்லியைச் சூட்டோடு பிசைந்தால் பசையாகிவிடுகிறது. தட்டில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வைத்து ஆற விட்டார். ஓட்ஸை வறுத்துப் பொடித்துச் சேர்த்தார், பிடிமானம் வந்தது. மிச்சமிருந்த பிரச்சினை கீரையின் தண்ணீர். கையால் எவ்வளவு பிழிந்தாலும் உள்ளே ஈரம் நின்றது. ஒருநாள் சுத்தமான தலையணை உறை ஒன்றை எடுத்து, கீரையை அதற்குள் போட்டு, வாயை முறுக்கி, ஈரப் போர்வையை முறுக்குவதுபோல் உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து முறுக்கினார். பச்சைத் தண்ணீர் கடகடவென்று கொட்டியது. முறுக்கி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்றார்.

“மகாராணிக்குச் சிம்மாசனம் கொண்டு வரட்டுமா?” என்றேன் நான். இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

அதற்குப் பிறகு பர்கர் அண்ணிக்குக் கைவந்துவிட்டது. ஜாம் பாட்டில் மூடியில் அமுக்கி வட்டமாக எடுப்பார். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பார். மிதமான தீயில் நான்கு நான்காகப் போட்டு, தொட்டுக்கூடப் பார்க்காமல் விட்டு, ஓரம் சிவந்ததும் ஒரே திருப்பு. இருபத்து நான்கு போட்டால் இருபத்து நான்கும் அச்சில் வார்த்ததுபோல் வரும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று பார்லி, கீரையும் பூண்டும் கலந்த ஒரு வாசனை. ஆட்டுக்கா என்று கேட்ட நானே ஒரு வேளைக்கு மூன்று தின்றேன். நடுவில் காகிதம் வைத்து அடுக்கி உறையவைத்தால் வாரம் முழுவதும் தாங்கும்.

டாக்டர் அண்ணனுக்குப் பன்னில் பாதிதான் என்று சொல்லியிருந்தார். கீழ்ப்பாதியில் இரண்டு வட்டங்களை வைத்து டப்பாவில் எடுத்துப் போவார். மேல்பாதி வீட்டில் தங்கிவிடும். அதை அண்ணி டீயில் தொட்டுச் சாப்பிடுவார். காலையிலும் அதுதான், மதியம் வந்தும் அதுதான். “வீணாப் போகுதே” என்பார். நாங்களும் தலையாட்டினோம். பர்கர் உடைவது நின்று ஒரு மாதமாகியிருந்தது. உடைவது நின்றால் அண்ணியின் பங்கு என்ன ஆகும் என்று ஒன்பது வருடமாக அந்தக் கையால் சாப்பிடுகிற எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. வேகவைக்காத பார்லியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார். நறுக்நறுக்கென்று சத்தம் கேட்கும். பல் போய்விடும் என்று அண்ணன் திட்டினார். கோழி வளர்க்கிறோம் என்று நான் சொன்னேன். “என்னமோ தெரியல, இதை மென்னாத்தான் வாய் அடங்குது” என்றார் அண்ணி.

சோதனை முடிவு வரும் நாள் வந்தது. அண்ணன் தனியாகப் போகப் பயந்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் காலையிலிருந்து சட்டையை இரண்டு முறை மாற்றினார். அண்ணி ஆலையில் கெஞ்சி அரைநாள் விடுப்பு வாங்கினார். நானும் கடையில் சொல்லிவிட்டு உடன் போனேன். மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். அண்ணி கைப்பைக்குள் விரலை விட்டு விட்டு எதையோ வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நடுத்தர வயது நர்ஸ் கோப்போடு வந்து அண்ணனின் எண்ணைக் கூப்பிட்டார்.

“ஏழு புள்ளி இரண்டு. பரவாயில்லையே! என்ன பண்ணீங்க?”

அண்ணன் எழுந்தே விட்டார். “அப்போ வண்டி ஓட்டலாமா?”

“டாக்டர் கையெழுத்துப் போட்டாச்சு. ஓட்டலாம். சாப்பாட்டை மட்டும் இப்படியே வெச்சுக்கோங்க.”

அண்ணன் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். முகமெல்லாம் பல். “இவதாங்க. தானியமும் கீரையும் போட்டு இவளே பர்கர் பண்ணா. மூணு மாசமா அதுதான்” என்று அண்ணியைக் காட்டினார். மனைவியை நாலு பேர் எதிரில் அவர் பாராட்டி நான் கேட்டது அன்றுதான்.

நர்ஸ் சிரித்தபடி திரும்பினார். அண்ணி எழுந்து நின்று பதிலுக்குச் சிரித்தார். வாயில் நறுக்கென்று சத்தம்.

“என்னம்மா மெல்றீங்க?”

அண்ணி வெட்கத்தோடு கையை விரித்துக் காட்டினார். ஐந்தாறு பார்லி மணிகள்.

நர்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. கோப்பினை நாற்காலியில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அண்ணியின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு நகங்களைப் பார்த்தார். “இங்க உட்காருங்க” என்று பக்கத்து அறைக்குக் கூட்டிப் போய் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். சின்னக் கருவி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“ஹீமோகுளோபின் ஆறு” என்றார். “குறைஞ்சது பன்னிரண்டு இருக்கணும். உடம்புல பாதி ரத்தம்தான் ஓடுது. அதான் தானியத்தை மெல்லத் தோணுது. எத்தனை நாளா மூச்சு வாங்குது?”

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“மாசாமாசம் அதிகமாப் போகுதா?”

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நான் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

“அப்போ இன்னைக்கே டாக்டரைப் பாத்துட்டுத்தான் போகணும். அந்தக் கீரை பர்கர் நீங்க எத்தனை சாப்பிடுவீங்க?”

அண்ணி யோசித்தார். “முன்னெல்லாம் உடையும், அதைச் சாப்பிடுவேன். இப்போ உடையறதில்ல.”

அதைக் குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். அண்ணன் கையிலிருந்த தாளை மடிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். நான் எத்தனை தின்றேன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடத் தைரியம் வரவில்லை.

“பர்கர் மட்டும் போதாதும்மா. மாத்திரை வேணும், ரத்தம் ஏத்த வேண்டி வரலாம், இருந்த ரத்தம் எங்க போகுதுன்னும் பாக்கணும்” என்றார் நர்ஸ். “ஆறை வெச்சுக்கிட்டு எட்டு மணி நேரம் நின்னிருக்கீங்க. இன்னொருத்தரா இருந்தா எப்பவோ விழுந்திருப்பாங்க.”

அண்ணி விரலில் இருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்போ இது சோம்பேறித்தனம் இல்லையா?”

“சோம்பேறித்தனமா? யாரு சொன்னா?”

அண்ணி மேசையிலிருந்த பேனாவை நர்ஸின் பக்கம் தள்ளினார். “சோம்பேறித்தனம் இல்லைன்னு ஒரு தாள்ல எழுதித் தர முடியுமாங்க?” என்று கேட்டார்.

“தாராளமா” என்று நர்ஸ் பேனாவை எடுத்தார். “வேலை பாக்குற இடத்துல குடுக்கணுமா?”

“இல்லீங்க” என்றார் அண்ணி. “வீட்டுக்கு.”