ஆடுகிறவனுக்கு ஒரு முகம்

ரங்கூனில் எங்களுக்கு ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோ இருந்தது. மச்சான் படம் எடுப்பார். என் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். கறுப்பு வெள்ளையில் வந்த முகங்களுக்குப் பின்னறையில் உட்கார்ந்து நான் கலர் போடுவேன். கன்னத்துக்கு ரோஸ், ஜாக்கெட்டுக்குப் பச்சை. அறுபதுகளின் நடுவில் எங்களைப் போன்றவர்களின் கடைகளை அங்கிருந்த அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எனக்குத்தான் முதலில் கப்பலில் இடம் கிடைத்தது. "நீ போ, பின்னாடியே வந்துடுறேன்" என்றார் மச்சான். துறைமுகத்தில் சோதனை போட்டவர்கள் துணிப்பெட்டியை மட்டும் விட்டுவிட்டு ஆல்பங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

கடலூர் முதுநகரில் மாமியார் வீட்டில் வந்து இறங்கினேன். மாமிக்கு அவர் ஒரே மகன். அடுத்த கப்பலில் அவர் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. தகவல் சொல்லவும் ஆளில்லை. கடைத்தெரு ஸ்டுடியோ ஒன்றில் எப்போதாவது கலர் வேலை கொடுத்தார்கள். அவர்கள் சொல்லித்தான் ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். சிதம்பரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர்.

அவர் கொண்டுவந்தது கனமான ஒரு ஜெர்மன் புத்தகம். நானூறு வருஷத்துக்கு முன்னால் செம்புத் தகட்டில் கீறி அச்சடித்த படங்கள் என்றார். எல்லாம் அந்த ஊர்க் குடியானவர்கள் ஆடுகிற ஆட்டம். தொப்பை வைத்த ஆண்கள், இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும் பெண்கள், தூக்கிய காலில் கிழிந்த செருப்பு. ஒரு கண்காட்சிக்காக அவற்றைப் பெரிதாக வரைந்து கலர் போட்டுத் தர வேண்டும்.

"இதுல கலரே இல்லையேம்மா, நான் என்னத்த போடுறது?"

"உங்களுக்குத் தோணுறத போடுங்க. ஆனா கோடும் மொகமும் புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கணும்."

மாமி ஒத்துக்கொள்ளவில்லை. "உருவம் வரையறது ஹராமுன்னு தெரியாதா? அதுவும் ஆம்பளயும் பொம்பளயும் கையப் புடிச்சிக்கிட்டு குதிக்கிறத!"

"சோத்துக்கு வேற வழி சொல்லுங்க மாமி, விட்டுடுறேன்."

அவர் தொழுகைப் பாயை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கட்டம் போட்டுப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக வரைந்தேன். என்னைக் கொன்றது அந்தக் கைகள்தான். எல்லாம் ஜோடி ஜோடியாக ஆடுகிறவர்கள். எந்தப் பெண்ணின் கையும் சும்மா இல்லை. ஒரு தடித்த ஆண் கை அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த விரல்களுக்குத் தோல் நிறம் பூசுவதைக் கடைசிக்குத் தள்ளிப்போடுவேன்.

கடைசிப் படம் பாதியில் இருந்தபோது, ரங்கூனிலிருந்து ஒருவர் கிள்ளைக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ரயிலேறிப் போனேன். எங்கள் ஸ்டுடியோவுக்குப் பக்கத்து அரிசி மில்லில் வேலை பார்த்தவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"கப்பலுக்குக் காத்திருந்த கேம்புல ஒண்ணாத்தான் இருந்தோம் தங்கச்சி. அவருக்குக் காய்ச்சல் கண்டுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அதுக்குள்ள எங்கள கப்பல்ல ஏத்திட்டாங்க."

"உசிரோட இருந்தாராண்ணே?"

"தூக்கிட்டுப் போறப்ப இருந்தாரும்மா. அதுக்கப்புறம் நான் பாக்கல. பொய் சொல்ல மாட்டேன்."

அவர் தலையைத் தூக்கவே இல்லை. அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடிக்க முடியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

மாமியிடம் சொன்னேன். அவர் அழவில்லை. வீட்டில் பேச்சு நின்றுபோனது. ஒரு நாள் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்து, நான் வரைகிற இடத்துக்குப் பக்கத்தில் முதன்முறையாக உட்கார்ந்தார். கடைசிப் படத்தில் ஆடுகிறவனின் முகம் மட்டும்தான் பாக்கி.

"அவன் மொகத்த இதுல போடு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஊருக்கெல்லாம் போட்டோ எடுத்தான். அவன் போட்டோ ஒண்ணுகூட நம்மகிட்ட இல்ல. மறந்து போவுது புள்ள. கண்ணு ஞாபகத்துக்கு வருது, வாய் வர மாட்டேங்குது."

போட்டேன். நெற்றி வந்தது, கண் வந்தது. மூக்கில் வந்து நின்றோம்.

"அப்படி இல்ல. அவங்க அத்தா மூக்கு அவனுக்கு. எடுப்பா இருக்கும்."

"இல்ல மாமி, கொஞ்சம் சப்பையா இருக்கும்."

"பெத்தவ எனக்குத் தெரியாதா?"

"நான் கூட வாழ்ந்தவ மாமி."

ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு மாமி சொன்னபடி போட்டேன். பிறகு நான் நினைத்தபடி. மறுபடி துடைத்தேன். தாள் பொங்கி நார் நாராகக் கிளம்பியது. கடைசியில் எது மச்சான் மூக்கு என்று எனக்கே தெரியவில்லை. கிள்ளையில்கூட அழாதவள் அங்கே வாய்விட்டு அழுதேன். மாமி படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"யாரு இது?" என்றார்.

எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் சிதம்பரம் போனேன். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துச் சந்தோஷப்பட்டார். கடைசிப் படத்தில் நின்றார். "இது புஸ்தகத்துல இருக்கிறவன் இல்லையே?"

சொன்னேன். அவர் அதை மட்டும் தனியாகச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "இத நீங்க வெச்சிக்குங்க. புஸ்தகத்துல இருக்கிற மாதிரி வேற ஒண்ணு போட்டுத் தாங்க, போதும்."

அவர் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து அந்தக் குடியானவனை அவனுடைய முகத்தோடு வரைந்து கொடுத்தேன். வாயைத் திறந்து சிரிக்கிறவன். கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை. கண்காட்சி நாளில் காலேஜ் பிள்ளைகள் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று அவனைப் போலக் காலைத் தூக்கி ஆடிக்காட்டிச் சிரித்தார்கள். நான் கதவோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பக் கொண்டுவந்த படத்தை மாமி பிரித்துப் பார்த்தார். "அவன் இல்ல இது" என்று அடுப்பில் வைத்தார். நான் தடுக்கவில்லை.

கணவனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தா நானும் இருக்கவா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். மௌத்துக்குச் சரியான செய்தி வராமல் எப்படி இருப்பது, பொறுங்கள் என்று பதில் வந்தது. பொறுத்தேன். மச்சான் வரவில்லை, செய்தியும் வரவில்லை. மாமி மௌத்தாகும்வரை ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் மகனைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லி துஆ கேட்பார். நான் எதைக் கேட்பதென்று தெரியாமல், பக்கத்தில் உட்கார்ந்து ஆமீன் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.