ஓ, யு, ஜி, எச்

இந்த நாலு எழுத்தையும் ஒன்றாகச் சேர்த்துவைத்த புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைத்தால், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பேன்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. இங்கேயே ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வாரத்துக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். இது நடந்த வாரம், ஓ, யு, ஜி, எச் நாலும் சேர்ந்து வருகிற சொற்கள் இருபது. இருமலுக்கு வந்தால் 'காஃப்'. பிசைந்த மாவுக்கு வந்தால் 'டோ'. ஏருக்கு 'பிளவ்'. ஊடே புகுந்து போவதற்கு 'த்ரூ'. போதும் என்பதற்கு 'இனஃப்'. எழுத்து அதேதான், சத்தம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஏன் என்று கேட்டால் அது அப்படித்தானாம். தமிழில் நான் இப்படி எழுதியிருந்தால் எங்கள் வாத்தியார் முட்டி போட வைத்திருப்பார்.

அர்த்தத்தையும் இங்கிலீஷிலேயே நீட்டி முழக்கி எழுதியிருப்பார்கள். இதைப் பிள்ளை தினமும் சாயங்காலம் வீட்டில் ஒப்பிக்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ நோட்டைப் பார்த்துச் சரிபார்த்து, கீழே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்கும். அந்தப் பள்ளியின் சட்டம் அது. என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் சவாரி, மற்ற நாளில் வேறு எங்காவது. அதனால் கையெழுத்து எப்போதும் என்னுடையதுதான்.

நான் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ. மாத்திரை அட்டையில் பேர் பார்த்துச் சொல்வேன். அதற்கு மேல் இங்கிலீஷ் என்றால் எழுத்துக்கூட்டித்தான். ஆனால் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது, ஃபாரத்தில் அம்மாவின் படிப்பு என்ற இடத்தில் டிகிரி என்று எழுதிக் கொடுத்தோம். இல்லாவிட்டால் சீட்டு கிடைக்காது என்று தெருவே சொன்னது. பொய்தான். வேறு என்ன செய்வது?

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் மகளின் மிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பொண்ணு ரொம்ப ஸ்லோங்க. ஒரு வேர்டு சொல்றா, நிக்கிறா. அப்புறம் அடுத்தது சொல்றா. மத்த பசங்கல்லாம் கடகடன்னு சொல்லிட்டுப் போயிடுதுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்லோ செக்‌ஷன்ல போட்டுர்றோம்."

அந்த செக்‌ஷனுக்குப் பிள்ளைகள் வைத்திருக்கிற பெயர் மக்கு ரூம். ஒருமுறை உள்ளே போன பிள்ளை திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அங்கே தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அவள்மேல் பாய்ந்தேன்.

"ஏண்டி, மத்த நேரமெல்லாம் உன் வாய் நிக்காம ஓடுது, ஒப்பிக்கறப்ப மட்டும் இன்னாடி கேடு வந்துச்சி?"

அவள் அழவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"வேகமா சொன்னா உன் வெரல் வேற லைனுக்குப் பூடுதும்மா. நீ சரியா வெச்சப்புறம்தான் அடுத்தத சொல்லுவேன். அப்டியே பழகிப்போச்சி."

ஐயோ, என் அங்காளம்மா! படிக்கத் தெரிந்த மாதிரி நோட்டில் விரல் வைத்து நான் தடவிக்கொண்டு போவதை இவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"எப்பலேர்ந்துடி தெரியும்?"

"ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டுலேர்ந்து."

"மிஸ்கிட்ட சொல்றதுதானே?"

"சொன்னா உன்ன திட்டுவாங்க. நீ டிகிரின்னு எழுதிக் குடுத்துட்டியே."

எட்டு வயசுப் பிள்ளை! மக்கு என்று பெயர் வாங்கிக்கொண்டு என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. முதலில் என்மேல் கோபம் வந்தது. யோசிக்க யோசிக்க அந்தக் கையெழுத்துச் சட்டத்தின்மேல் அதைவிடப் பெரிய கோபம் வந்தது.

மறுநாள் காலையில் அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். சீட்டே போனாலும் போகட்டும்.

"மிஸ், நான் டிகிரி இல்ல. பிளஸ் டூதான். பொய் எழுதினது நானு. நான் எழுத்துக்கூட்டி வர்ற வரைக்கும் எனக்காவ நின்னு நின்னு சொன்ன புள்ளய எப்படிங்க மக்குன்னு சொல்லுவீங்க? சொல்லிக் குடுத்து கேக்க வேண்டிய வேல உங்களுதா, எங்களுதா?"

மிஸ் முகம் சிவந்துவிட்டது.

"சரி, இப்ப சொல்லச் சொல்லுங்க."

மகள் பழக்கத்தில் என் கையைத்தான் தேடினாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, "அம்மாவப் பாக்காத. உன் வேகத்துக்குச் சொல்லு" என்றேன்.

சொன்னாள் பாருங்கள்! 'டஃப்' என்றாள், 'ரஃப்' என்றாள், அதன்பிறகு எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மிஸ் கையிலிருந்த நோட்டில் நான் மூன்றாவது சொல்லைக் கண்ணால் தேடுவதற்குள் இருபதும் அர்த்தத்தோடு முடிந்துவிட்டன. இரண்டு வருஷத்துக்கு மேல் இந்த வேகத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

மிஸ் நோட்டில் டிக் போட்டார். "இந்த செக்‌ஷன்லயே இருக்கட்டுங்க. ஃபாரத்த மாத்திக்கலாம். ஆனா டெய்லி சைன் மட்டும் மறக்காம போட்டு அனுப்புங்க."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இவ்வளவு சொன்ன பிறகும் சைனா?

நோட்டை வாங்கி, மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, டிக்குக்குக் கீழே தமிழில் எழுதினேன்: 'என் மகள் ஒப்பித்தாள். எனக்குப் புரியவில்லை. நீங்கள் கேளுங்கள்.' கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தேன்.