ஸ்தோத்திரத்தோடு நிறுத்திக்கொண்டேன்

விடாத மழையில், மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டின் பின்சுவர் வெடித்திருந்தது. குறை சொன்னால் விசுவாசம் இல்லாதவள் என்றாகிவிடுமே என்று நான் வாய் திறக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி, "வீட்டுல எல்லாம் எப்படிம்மா?" என்று கேட்டார்.

வழக்கம்போல, "ஸ்தோத்திரம்க்கா" என்றேன்.

"என்னா ஸ்தோத்திரம்? செவரு வெடிச்சுக் கெடக்குதுங்கக்கா!" என்று என் கணவர் போட்டு உடைத்தார்.

எனக்கு அவமானமாகிவிட்டது. ஆனால் அந்த அக்கா எங்களை வீட்டுக்குப் போகவே விடவில்லை. அன்று மாலையே மண் சரிந்து, நாங்கள் படுக்கும் இடத்தில் சுவர் விழுந்தது.

சபை மண்டபத்தில் இரவல் சேலையோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பெயரைச் சொல்லி எல்லோரும் ஜெபித்தார்கள். வீடு போயிருந்தும் அப்படியொரு சந்தோஷத்தை நான் அறிந்ததில்லை.

வீடு இன்னும் கிடைக்கவில்லை. இப்போது யாராவது நலம் விசாரித்தால் ஸ்தோத்திரம் சொல்கிறேன். கையோடு மீதியையும் சொல்லிவிடுகிறேன்.